கணக்கு வினாத்தாள் அனுப்பும் ஆசிரியர்களுக்கு, ஒரு டி.டி.பி. கடையிலிருந்து

மதிப்பிற்குரிய கணக்கு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மதுரையில் 22 வருடமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். உங்களில் பல பேரை எனக்கு முகம் தெரியாது. ஆனால் கையெழுத்து தெரியும். யார் 7-க்கு நடுவில் கோடு போடுவார், யாருடைய தீட்டா பூஜ்யம் மாதிரி இருக்கும், யார் வர்க்கமூலக் குறியின் கூரையை எதுவரைக்கும் இழுப்பது என்று சொல்லாமல் விட்டுவிடுவார், எல்லாம் அத்துப்படி. நான் கணக்கில் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவள். இருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பு தொகையீடு வரைக்கும் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறேன்.

முன்பெல்லாம் நீங்கள் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். எனக்கு வேலை அதிகம், தப்பு குறைவு. இப்போது ஃபைலாக அனுப்புகிறீர்கள். வேலை குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, தப்பும் கூடியிருக்கிறது. தப்பு உங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போக இதை எழுதவில்லை. பாதித் தப்பு மென்பொருளுடையது, கால்வாசி என்னுடையது. மிச்சக் கால்வாசியை நீங்கள் நினைத்தால் நாளைக்கே சரிசெய்யலாம்.

போன வருடக் காலாண்டுத் தேர்வில் நடந்தது இது. எட்டாம் வகுப்பு வினாத்தாள். பள்ளியின் பெயர் வேண்டாம். அந்த மிஸ் வேர்டில் அழகாகத்தான் அடித்திருந்தார். கண்ட்ரோல், ஷிஃப்ட், கூட்டல் குறி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 2-க்கு மேலே 3-ஐ ஏற்றி, அடுத்த 2-க்கு மேலே 4-ஐ ஏற்றி, ‘2³ × 2⁴ சுருக்குக’ என்று முதல் கேள்வி. அப்புறம் ஃபைலை அனுப்புவதற்குப் பதிலாக மொத்தத்தையும் காப்பி செய்து வாட்ஸப்பில் ஒட்டி அனுப்பிவிட்டார். வாட்ஸப்புக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். அந்த எழுத்து மாடியில் இருந்ததா தரையில் இருந்ததா என்பது தெரியாது. என்னிடம் வந்து சேர்ந்தது ‘23 × 24 சுருக்குக’. நானும் அப்படியே எடுத்துப் போட்டேன். ப்ரூஃப் அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்குக் கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. 340 பிரதி அடித்தாயிற்று.

மறுநாள் பாதிப் பிள்ளைகள் 552 என்று விடை எழுதியிருக்கிறார்கள். 23-ஐ 24-ஆல் பெருக்கினால் 552தானே? கேட்ட கேள்விக்கு அதுதான் விடை. 128 என்று எழுதிய சில பேர், பாடத்தில் என்ன வந்திருக்கும் என்று ஊகித்துத் தாங்களே கேள்வியைத் திருத்திக்கொண்டவர்கள். மிஸ் கடைக்கு வந்து நின்றார். அவர் போனை நீட்டினார், நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். இரண்டிலும் 23தான். ‘பெருக்குக’ என்று கேட்காமல் ‘சுருக்குக’ என்று கேட்டிருக்கிறதே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்னுடைய கால்வாசி என்று சொன்னேனே, அது இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 3-ஐ மேலே ஏற்றிச் சின்னதாக்கினால் அது அடுக்கு ஆகிவிடாது. பார்வைக்குத்தான் அடுக்கு. வேர்டைப் பொறுத்தவரை அது தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து மாதிரி ஓர் அலங்காரம். வெறும் எழுத்தாக எங்கே ஒட்டினாலும் அலங்காரம் கழன்று விழும். சமன்பாடாகப் போட்டால் அப்படி இல்லை. இது அடிமானம், இது அதன் அடுக்கு என்ற உறவே ஃபைலுக்குள் பதிவாகிறது.

நம்பாவிட்டால் ஒன்று செய்து பாருங்கள். வேர்டில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு சமன் குறியை அழுத்துங்கள். ஒரு பெட்டி திறக்கும். அதில் 2, பிறகு 6-ஆம் எண்ணுக்கு மேலே இருக்கிற தொப்பிக் குறி, பிறகு 3, ஒரு ஸ்பேஸ். 3 தானாக மேலே ஏறிக்கொள்ளும். அதைக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 2^3 என்று விழும். அழகாக இருக்காது, ஆனால் 23 ஆகாது. அன்றைக்கு அந்த மிஸ் இப்படிப் போட்டிருந்தால், வாட்ஸப்பில் ஒட்டியே அனுப்பியிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

இந்த வசதி 2007 வேர்டிலிருந்தே இருக்கிறது. காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பின்னத்துக்குச் சாய்கோடு போட்டு ஸ்பேஸ் தட்டினால் தொகுதி மேலேயும் பகுதி கீழேயும் போய் உட்காரும். தொகுதியில் இரண்டு உறுப்பு இருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். பின்னம் ஆனதும் அந்த அடைப்புக்குறியை வேர்டே எடுத்துவிடும். வர்க்கமூலத்துக்குப் பேக்ஸ்லாஷ் போட்டு, எஸ்-கியூ-ஆர்-டி என்று ஆங்கிலத்தில் அடித்து ஸ்பேஸ். தமிழ் விசைப்பலகையை மட்டும் முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஸ்-கியூ-ஆர்-டி வேறு ஏதோ ஆகும். மவுசை எடுத்து ஒவ்வொரு குறியாகத் தேடிச் சொடுக்குகிறவர்கள் ஒரு கேள்வி போடுகிற நேரத்தில், இப்படித் தட்டுகிறவர்கள் நாலு கேள்வி போட்டுவிடுவார்கள். இன்னொரு லாபமும் உண்டு. எக்ஸ் தானாகச் சாயும், சைன், காஸ் நேராக நிற்கும், கழித்தல் குறி சரியான நீளத்தில் வரும்.

கழித்தல் குறியைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அடிப்பது பெரும்பாலும் சொற்களை இணைக்கிற சிறுகோடு. வேர்டுக்கு அது வரியை உடைக்கலாம் என்று கொடுக்கிற அனுமதி. ‘எக்ஸ்-5’ என்று சும்மா அடித்தது வரிக் கடைசியில் வந்தால் கோடு இந்த வரியில் நிற்கும், 5 அடுத்த வரிக்குப் போய்விடும். பிள்ளை அடுத்த வரியிலிருந்து வாசித்தால் அது வெறும் 5. பெருக்கல் குறிக்கு ஆங்கில எக்ஸ் எழுத்தையே போடுகிற சார்களிடமும் ஒரு வேண்டுகோள்: இயற்கணிதத் தாளில் மட்டுமாவது வேண்டாமே. மூன்று, எக்ஸ், எக்ஸ் என்று வரிசையாக வந்தால் எது மாறி, எது பெருக்கல் என்று பத்தாம் வகுப்போடு நிறுத்திய நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

‘சமன்பாடு பட்டன் மங்கிக் கிடக்கிறது, அழுத்தினால் வரவில்லை’ என்று தேர்வு சீசனில் வாரம் மூன்று பேராவது போன் செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது: ஃபைலின் பெயர் டாக் என்று முடிகிறதா, டாக்ஸ் என்று முடிகிறதா? பத்து வருடத்துக்கு முந்தைய வினாத்தாளைத் திறந்து, கேள்வியை அழித்துவிட்டு அதிலேயே புதிதாக அடிப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். தலைப்பு, பள்ளிப் பெயர், நேரம், மதிப்பெண் எல்லாம் தயாராக இருக்கிறதே. அந்தப் பழைய டாக் ஃபைலுக்குள் புதிய சமன்பாடு போகாது. டாக்ஸாகச் சேமித்துவிட்டுத் திறந்தால் பட்டன் உயிர் பெறும். இதையே தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. டாக்ஸில் நல்லபடியாகப் போட்டுவிட்டு, ‘உங்கள் கடையில் பழைய வேர்டு இருக்குமே’ என்று எனக்காக இரக்கப்பட்டு டாக்காக மாற்றி அனுப்புவார்கள். சமன்பாடு எல்லாம் படமாகிவிடும், ஒரு குறியைக்கூட என்னால் திருத்த முடியாது. என் கடையில் புது வேர்டுதான் இருக்கிறது. இரக்கம் வேண்டாம்.

அடுத்தது தலை வெட்டுப்பட்ட பின்னம். ஐந்தாவது கேள்வியில் பகுதி மட்டும் தெரிகிறது, தொகுதியின் மேல்பாதியைக் காணோம். பிரிண்டர் கோளாறு என்று நினைத்து டோனர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். கோளாறு வரி இடைவெளியில். கேள்வியெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று இடைவெளியைத் துல்லியமாக இத்தனை புள்ளி என்று பூட்டி வைத்திருப்பீர்கள். சாதாரண எழுத்துக்கு அந்த உயரம் போதும். பின்னம் இரண்டு மாடிக் கட்டடம், மேல்மாடியை வேர்டு இடித்துவிடும். பத்தி அமைப்பில் போய் ஒற்றை இடைவெளி என்றோ ‘குறைந்தபட்சம்’ என்றோ மாற்றினால் தலை திரும்பி வரும். பக்கம் கூடினால் கூடட்டும், எழுத்தை ஒரு புள்ளி குறைத்துக்கொள்ளலாம்.

தமிழ்வழித் தாள்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. வேகம் = தூரம் / காலம் என்று சமன்பாட்டுக்குள் தமிழ்ச் சொல் வரும்போது, வேர்டின் சமன்பாட்டுப் பெட்டி அதையும் மாறி என்று நினைத்துக்கொள்கிறது. பெட்டிக்குச் சொந்தமான எழுத்துரு கேம்ப்ரியா மேத். அதில் தமிழ் கிடையாது. எங்கிருந்தோ ஓர் எழுத்துருவைக் கடன் வாங்கிப் போடும், நீங்கள் மாற்றினாலும் மாறாது. தமிழ்ச் சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். அல்லது சொல்லைத் தேர்ந்தெடுத்துச் சமன்பாட்டுப் பட்டியில் ‘சாதாரண எழுத்து’ என்பதை அழுத்துங்கள். அதற்கப்புறம் அது உங்கள் சொல் கேட்கும். எனக்கு இது தெரியவே மூன்று வருடம் ஆனது. அதுவரை தமிழை வெளியே அடித்து, எழுத்துப் பெட்டிக்குள் வைத்து, பின்னக் கோட்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு வரி சேர்த்தால் போதும், ‘தூரம்’ மட்டும் தனியாக நகர்ந்து அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

பழைய கைடுகளை மறுபதிப்பு போடுகிறவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2000-களில் நாம் எல்லோரும் பயன்படுத்தியது ஈக்வேஷன் எடிட்டர் 3.0. டிசைன் சயின்ஸ் என்ற நிறுவனத்திடமிருந்து மைக்ரோசாஃப்ட் உரிமம் வாங்கி வேர்டோடு கொடுத்த குட்டி மென்பொருள். சமன்பாட்டை இரண்டு முறை சொடுக்கினால் தனி ஜன்னலாகத் திறக்குமே, அதேதான். 2018 ஜனவரிக்கு அப்புறம் சொடுக்கினால் திறப்பதில்லை. ‘என் கம்ப்யூட்டரில் வைரஸ்’, ‘என் வேர்டு டூப்ளிகேட்’ என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நடந்தது வேறு. அந்த நிரல் 2000-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்டது, அப்புறம் யாரும் கை வைக்கவில்லை. 2017 நவம்பரில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியே தெரிந்தது. பொல்லாத ஒரு டாக்குமெண்டைத் திறந்தாலே போதும், அதன் வழியாகக் கணினிக்குள் ஆள் நுழைந்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் முதலில் ஒட்டுப் போட்டது. மூல நிரலைத் திருத்தாமல் தயார் நிரலையே நேரடியாகத் தைத்திருக்கிறார்கள் என்று அதை ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். இன்னொரு ஓட்டையும் தெரிய வந்ததும் 2018 ஜனவரிப் புதுப்பிப்பில் அந்த மென்பொருளையே வேர்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அப்போது என் கையில் ஒரு பத்தாம் வகுப்புக் கைடு இருந்தது. 280 பக்கம், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சமன்பாடு. எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, ஒன்றையும் திறக்க முடியவில்லை. பாடத்திட்டம் மாறி எண்களை மாற்ற வேண்டிய நேரம். கடையில் வேலை பார்க்கிற தம்பி, பழைய நிரலை இணையத்தில் தேடி எடுத்து வந்து திரும்பப் போட்டுவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். எடுத்தவர்கள் காரணத்தோடுதான் எடுத்தார்கள். ஊர் வினாத்தாள் எல்லாம் இருக்கிற கணினியில் அந்த ஓட்டையை நாமே மறுபடி போட வேண்டாம். இப்போதைய வேர்டில் அந்தப் பழைய சமன்பாட்டைச் சொடுக்கினால் ‘புதிய வடிவத்துக்கு மாற்றவா’ என்று கேட்கிறது. எல்லாவற்றையும் சேர்த்தும் மாற்றச் சொல்லலாம். மேத்டைப் என்ற தனிச் சமன்பாட்டு மென்பொருள் வைத்திருந்தால் அதிலும் திறக்கும். வேர்டு மாதிரியே இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆஃபீஸிலும் திறக்கலாம். அன்றைக்கு எனக்கு அதுதான் கைகொடுத்தது. மாற்றியபின் அணிக்கோவைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

அதே பழைய ஃபைல்களில் இன்னொரு வேடிக்கை. 1 + 2 + 3 + … + என் என்று ஒரு தொடர். நடுவிலே மூன்று புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல் என்ற ஆங்கில எழுத்து நிற்கிறது. இன்னொரு பக்கத்தில் 1, 2, 3, அப்புறம் கே. இது என்ன புது மாறி என்று ஒரு சார் என்னிடமே கேட்டார். மாறியும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த மூன்று புள்ளி எம்டி எக்ஸ்ட்ரா என்ற எழுத்துருவில் எல், கே எழுத்துகளின் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் வேஷம் கலைந்து எல்லும் கேயும் வெளியே வந்துவிடும். எழுத்துருவை நிறுவினால் புள்ளிகள் திரும்பும். பிடிஎஃபாக மாற்றும்போது எழுத்துருவை உள்ளேயே பதிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் திரையில் புள்ளி, என் திரையில் எல்.

தமிழிலும் இதே கதைதான் நடக்கிறது என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தமிழ் என்பது ஆங்கில எழுத்துகளுக்குப் போட்ட முகமூடி. பாமினியில் ஆங்கில எக்ஸை அடித்தால் ஒ, ஒய் அடித்தால் ல. ஒரு முறை முழுப் பாடத்தையும் அள்ளி, எழுத்துரு மாற்றுகிற ‘மாற்றி’ மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கினேன். யூனிகோடில் முகமூடி இல்லை, தமிழ் தமிழாகவே பதிவாகும். தமிழ் வரிகள் அருமையாக மாறின. ஆனால் மாற்றிக்கு எது தமிழ், எது கணக்கு என்று எப்படித் தெரியும்? சும்மா எழுத்தாக அடித்திருந்த எக்ஸ் + ஒய் எல்லாம் ‘ஒ + ல’ ஆகிவிட்டன. சமன்பாட்டுப் பெட்டிகள் ஒட்டும்போதே காணாமல் போயிருந்தன. ‘ஒ-வின் மதிப்பைக் காண்க’ என்று ஒரு பக்கம் முழுக்க. அன்று சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன், ஆனால் இரவு இரண்டு மணி ஆனது. இப்போது எழுத்துருவைப் பார்த்து, பாமினியில் இருக்கிற வரியை மட்டும் மாற்றுகிற மேக்ரோ வைத்திருக்கிறேன். புதிதாக அடிக்கிறவர்கள் தயவு செய்து யூனிகோடிலேயே தொடங்கிவிடுங்கள். அரசே 2010-இல் யூனிகோடுக்கு ஆணை போட்டாயிற்று.

சரி, எந்த மென்பொருள்தான் நல்லது என்று கேட்பீர்கள். எது நல்லது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஃபைல் அடுத்து யார் கைக்குப் போகிறது என்று சொல்லுங்கள், அதற்குப் பதில் உண்டு.

வினாத்தாள் என்றால் வேர்டின் சொந்தச் சமன்பாடு போதும். கடைசி நேரத்தில் தலைமையாசிரியர் ஒரு கேள்வியை மாற்றச் சொல்வார், அலுவலகத்தில் இருப்பவரே திறந்து மாற்றிக்கொள்ளலாம். வேர்டு வாங்கக் காசில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸ். அரசு கொடுத்த மடிக்கணினிகளில், லிப்ரே ஆஃபீஸ் உள்ள பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்ந்து வந்ததே, அதைத் திறந்தே பார்க்காமல் மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். லிப்ரே ஆஃபீஸில் சமன்பாட்டைச் சொல்லாக அடிக்க வேண்டும். ‘ஏ ஓவர் பி’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் பின்னம். நாம் வகுப்பில் வாயால் சொல்வதைப் போலவே இருப்பதால் ஒரு சாயங்காலத்தில் பழகிவிடும். எங்கேயாவது தலைகீழ்க் கேள்விக்குறி தெரிந்தால் அங்கே ஒன்று விட்டுப்போயிற்று என்று அர்த்தம், பெரும்பாலும் திறந்த நெளி அடைப்பை மூடியிருக்க மாட்டீர்கள்.

மேத்டைப் நல்ல மென்பொருள், நானும் வைத்திருக்கிறேன். 2017-இல் விரிஸ் என்ற ஸ்பெயின் நிறுவனம் வாங்கியது, இப்போது வருடச் சந்தா கட்ட வேண்டும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் புத்தகம் கட்டுகிற என்னைப் போன்றவர்களுக்கு அது தேவை. வருடத்துக்கு நாலு வினாத்தாள் போடுகிற உங்களுக்குத் தேவையில்லை. திருட்டுப் பிரதி போட்டுக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லாதீர்கள். அந்தப் பிரதிகளில் அடித்த ஃபைல்கள்தான் என் கணினியில் அதிகம் சண்டை போடுகின்றன.

லாடெக் பற்றி ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கட்டளைகளாக அடித்தால் கணக்கைப் பக்கமாகக் கட்டித் தருகிற மென்பொருள் அது. அதன் அடித்தளமான டெக்கை எழுதியவர் டொனால்ட் க்னூத், ஒரு கணினி அறிவியல் பேராசிரியர். 1977-இல் அவருடைய புத்தகத்தின் மறுபதிப்புக்கு ப்ரூஃப் வந்தது. ஈய அச்சுப் போய்ப் புகைப்பட அச்சு வந்த காலம், கணக்கு பார்க்கச் சகிக்கவில்லை. சில மாதத்தில் நானே ஒன்று எழுதிவிடுகிறேன் என்று உட்கார்ந்தவருக்கு வருடக்கணக்கில் ஆனது. ப்ரூஃபைப் பார்த்துக் கோபப்பட்ட ஒருவர் என்பதாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். டெக்கின் பதிப்பு எண் பை-யின் மதிப்பை நோக்கி நகர்கிறது. 2021-இல் வந்தது 3.141592653. அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியதுதான் லாடெக். இருநூறு பக்க ஆய்வேடு, ஐந்நூறு சமன்பாடு, நடுவில் ஒன்றைச் சேர்த்தால் மற்ற எண்கள் எல்லாம் தானாக மாற வேண்டும் என்றால் அதற்கு ஈடு இல்லை. சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்குக் கணக்கு நூல்களை இதில்தான் பக்கம் பக்கமாகக் கட்டி அனுப்புகிறார்கள்.

ஆனால் தமிழ் என்று வந்தால் கவனம் வேண்டும். சாதாரணப் பிடிஎஃப்-லாடெக் போதாது, அதன் யூனிகோடு வடிவங்களான ஸீலாடெக் அல்லது லுவாலாடெக் வேண்டும். எழுத்துருவைக் கூப்பிடும்போது இது தமிழ் எழுத்துமுறை என்று ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டும், இல்லாவிட்டால் கொம்பு ஓர் இடம், கால் ஓர் இடம் என்று நிற்கும். ஒரு மாணவி கொண்டுவந்த ஆய்வேட்டில் வேகம் = தூரம் / காலம் என்ற வரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சமன் குறியும் சாய்கோடும் மட்டும் நடுப்பக்கத்தில் நின்றன. பிழை என்று ஒன்றும் காட்டவில்லை. லாடெக்கில் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவில் இருப்பதுதான் கணக்கு; தமிழ்ச் சொற்களை அதற்குள் அப்படியே அடித்திருந்தார். கணக்கு எழுத்துருவில் தமிழ் இல்லை, இல்லாத எழுத்தை லாடெக் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. ‘எழுத்து இல்லை’ என்று லாக் ஃபைலில் ஒரு மூலையில் எழுதி வைத்திருந்தது, அதை யார் திறக்கிறார்கள்? அந்தச் சொற்களைச் சமன்பாட்டுக்குள் ‘டெக்ஸ்ட்’ என்ற கட்டளையில் பொதிந்ததும் வேகம், தூரம், காலம் மூன்றும் வந்து நின்றன. டாலர் குறி ஒன்று விட்டுப்போனால் மட்டும் ஊரைக் கூட்டும். அது காட்டுகிற வரி எண்ணையே முறைத்துக்கொண்டிருக்காதீர்கள், தப்பு அதற்கு மேலே எங்கேயாவது இருக்கும்.

வினாத்தாளுக்கு லாடெக் வேண்டாம் என்பது என் கருத்து. அதில் ஊறிய ஒரு சார் கோபித்துக்கொள்வார் என்று தெரியும். அவருக்கு நான் பிடிஎஃப் மட்டும் வாங்கி அப்படியே அடித்துக் கொடுக்கிறேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில் ஒரு மதிப்பெண்ணை மாற்ற வேண்டியிருந்தபோது பள்ளியில் ஒருவருக்கும் கை ஓடவில்லை. கடைசியில் பேனாவால் திருத்தினார்கள்.

கடைசியாகப் படம். பாடநூல் பிடிஎஃபிலிருந்து கேள்வியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேர்டில் ஒட்டுகிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். போனில் பளிச்சென்று இருக்கும். ரிசோ நகல் இயந்திரத்தில் ஓட்டினால் சாம்பல் பட்டையாக வரும், அடுக்கு 2-ஆ 3-ஆ என்று தெரியாது. பக்கத்து வரியின் எழுத்து 12 புள்ளி, படத்துக்குள் இருப்பது 17. எண்ணை மாற்றவும் முடியாது. வடிவியல் படத்துக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். சமன்பாட்டுக்குப் படம் வேண்டாம்.

அரையாண்டுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். ஃபைலை ஃபைலாகவே அனுப்புங்கள், வாட்ஸப்பில் ஒட்டாமல் டாக்குமெண்டாக இணையுங்கள். டாக்ஸோடு அதே தாளின் பிடிஎஃபும் ஒன்று வேண்டும். டாக்ஸ் என் கணினியில் எப்படித் திறந்தாலும், நீங்கள் பார்த்தது எது என்று பிடிஎஃபில் ஒப்பிட்டுக்கொள்வேன். ப்ரூஃபுக்கு நான் ஓகே கேட்டால் கட்டைவிரலுக்குப் பதிலாக முதல் கேள்வியின் விடையை எழுதி அனுப்புங்கள். 128 என்று வந்தால் அடிக்கிறேன், 552 என்று வந்தால் போன் செய்கிறேன்.

கணினியே வேண்டாம், பழையபடி கையால் எழுதித் தருகிறேன் என்பவர்களும் தாராளமாக வரலாம். பழைய கட்டணம்தான். தீட்டாவுக்கு நடுவில் கோட்டை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டி.டி.பி. ஆப்பரேட்டர்,
மதுரை